தன்னைப் பற்றித் தானே சொல்லும் தரவுத்தளம்

சர்வர் என்று வழக்கத்தில் அழைக்கப்படும் தரவுத்தள வழங்கியைப் பராமரிப்பவரின் காலைப்பொழுது, அந்த இயந்திரத்திடம் நலம் விசாரிப்பதில் தொடங்குகிறது. அதில் எத்தனை தரவுத்தளங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வட்டில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, கடைசியாக நகல் எடுக்கப்பட்டது எப்போது, இந்த நொடியில் உள்ளே நுழைந்திருப்பவர்கள் யார் யார், யாருடைய வேலை யாருடைய வேலைக்காகக் காத்து நிற்கிறது என்று கேள்விகள் நீளும். இவற்றை அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பதில்லை. ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைத் தொகுப்பை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அது நாள்தோறும் குறித்த நேரத்தில் தானே ஓடி, எல்லா விடைகளையும் அட்டவணையாக அடுக்கித் தந்துவிடுகிறது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதற்கு எந்த மொழி பயன்படுகிறதோ, அதே மொழியில்தான் வழங்கியிடம் அதன் சொந்த நிலைமையையும் கேட்க முடிகிறது. தனியே ஒரு கையேடு வேண்டாம். தயாரித்த நிறுவனத்தின் ஆளை அழைக்க வேண்டாம். தன்னைப் பற்றிய தகவலையும் மற்றத் தகவல்களைப் போலவே அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, உரிமை உள்ளவர் கேட்டால் விடை சொல்ல வேண்டும் என்ற கடமையை இயந்திரத்தின் மீது ஒரு விதியாகவே எழுதி வைத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எட்கர் ஃபிராங்க் காட்.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தை ஒட்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போர்ட்லண்ட் தீவில் 1923-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் பிறந்தார். தந்தை தோல் பொருள் உற்பத்தியாளர். தாய் பள்ளி ஆசிரியை. ஏழு குழந்தைகளில் இவரே கடைசி. பூல் நகரின் கிராமர் பள்ளியில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிட்டர் கல்லூரியில் சேர்ந்தார். வேதியியலும் கணிதமும் அவர் கற்ற பாடங்கள்.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் விமானியாகச் சேர்ந்த அவர், நீரிலிருந்தே மேலெழுந்து நீரிலேயே இறங்கும் சண்டர்லண்ட் விமானங்களை ஓட்டினார். கரையே கண்ணில் படாத கடற்பரப்பின் மீது மணிக்கணக்கில் பறக்க வேண்டிய பணி அது. திசையறிவும் கணக்கும் பிழைத்தால் திரும்பி வருவது நிச்சயமில்லை. வழி தேடிச் செல்வது எவ்வளவு கடினமான கலை என்பதை உடலால் அறிந்திருந்த இம்மனிதர், பிற்காலத்தில் தகவலைத் தேடுபவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது என்று வாதிட்டார் என்பதை நினைக்கும்போது புன்னகை தோன்றாமல் இருப்பதில்லை.

போர் முடிந்து பட்டப் படிப்பையும் முடித்த பின், 1948-இல் அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். நியூயார்க்கின் மேசிஸ் பல்பொருள் அங்காடியில் சிறிது காலம் ஆடை விற்பனையாளராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. விரைவிலேயே ஐபிஎம் நிறுவனத்தில் கணித நிரலாளர் வேலை கிடைத்தது. அந்நிறுவனம் அப்போது மன்ஹாட்டனில், தெருவில் போவோர் கண்ணாடி வழியே பார்க்கும்படியான கூடத்தில் ஒரு பிரம்மாண்டமான கணிப்பொறியை நிறுவியிருந்தது. வெற்றிடக் குழாய்களும் மின்காந்த இணைப்பிகளும் ஆயிரக்கணக்கில் கொண்ட அந்த இயந்திரத்துக்கு நிரல் எழுதுவதிலிருந்து அவரது கணினி வாழ்க்கை தொடங்கியது.

1953-இல் அவர் அமெரிக்காவைவிட்டு வெளியேறினார். செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி, கண்ணில் பட்டவர்களை எல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டி வேட்டையாடிய காலம் அது. அந்த அரசியலைச் சகித்துக்கொள்ள மனமில்லாமல், நல்ல வேலையை உதறிவிட்டு அவர் கனடாவின் ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்தார். தனக்குச் சரியெனப் படாததை வாய்மூடி ஏற்றுக்கொள்ளும் இயல்பு அவரிடம் இல்லை என்பதற்கு இதுவே முதல் சான்று. பின்னாளில் ஐபிஎம் நிறுவனமும் அந்த இயல்பை எதிர்கொள்ள நேர்ந்தது.

1957-இல் மீண்டும் அமெரிக்கா, மீண்டும் ஐபிஎம். ஸ்டிரெட்ச் என்ற அதிவேகக் கணிப்பொறியில் பல நிரல்களை ஒரே சமயத்தில் இயக்கும் ஏற்பாட்டை உருவாக்கிய குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். அதன் பிறகு, நாற்பது வயதை நெருங்கும் நிலையில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போனார்.

அந்த ஆய்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரம் சாத்தியமா என்ற கேள்வியை ஜான் வான் நியூமன் எழுப்பியிருந்தார். கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட முடிவற்ற ஒரு தளத்தில், ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளில் ஏதேனும் ஒன்றில் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், அத்தகைய இயந்திரத்தை வடிவமைக்க முடியும் என்று அவர் காட்டினார். எட்கர் காட் அதே காரியத்தை எட்டே நிலைகளில் செய்ய முடியும் என்று 1965-இல் நிறுவினார். இத்தகைய இயந்திரத்தின் அடிப்படை, அது தன்னைப் பற்றிய விவரணத்தைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டிருக்கிறது என்பதுதான். அந்த விவரணத்தைப் படித்துத்தான் அது தன் நகலைக் கட்டுகிறது. பிற்காலத்தில் தரவுத்தளம் தன் விவரணத்தைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும் என்று அவர் விதி எழுதியதற்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே. ஆனால் ஒரே மனம் இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே எண்ணத்துக்குத் திரும்பி வருவது புதிதல்லவே.

முனைவர் பட்டத்துக்குப் பின் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு அவர் மாற்றப்பட்டார். தகவல்களைச் சேமிக்கும் முறைமைகள் அந்நாளில் இருந்த நிலை அவரை உறுத்தியது.

அன்று இருந்த நிலையை இன்றைய வாசகருக்கு விளக்குவது எளிதன்று. ஐபிஎம் நிறுவனத்தின் முதன்மைத் தயாரிப்பு ஐஎம்எஸ். மனிதனை நிலவுக்கு அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில், ராக்கெட்டின் எண்ணற்ற உதிரிப் பாகங்களின் பட்டியலைப் பராமரிக்கப் பிறந்தது அது. மரத்தின் கிளைகளைப் போலத் தகவல் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும். இதற்குப் போட்டியாக, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய முறையில் தகவல்கள் வலைபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இரண்டிலும் பொதுவாக ஒன்று இருந்தது: வேண்டிய தகவல் எங்கே இருக்கிறது, அதை அடைய எந்தக் கிளையைப் பிடித்து எந்தச் சுட்டியைத் தொடர வேண்டும் என்பது நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேமிக்கும் முறையைச் சற்றே மாற்றினாலும், அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடைந்து போகும்.

எந்த மூட்டையில் எந்தக் கணக்கு இருக்கிறது என்பது அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் விடுப்பில் போன நாளில் பண்ணை முழுவதும் எப்படித் திகைத்து நிற்குமோ, அப்படி இருந்தது நிலைமை. கேள்வி கேட்க வேண்டிய மேலாளர், நிரலாளரின் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார். தரவுத்தளத்தின் அமைப்பே அறியாதவர் அதனிடம் அதன் அமைப்பைப் பற்றிக் கேட்பது என்பது எண்ணிப் பார்க்க முடியாத ஒன்று. அந்த அறிவு தடித்த கையேடுகளிலும், நிரல்களின் உள்ளேயும், சிலருடைய தலைகளிலும் கிடந்தது.

1969 ஆகஸ்டில் ஐபிஎம் ஆய்வறிக்கை ஒன்றாகவும், 1970 ஜூனில் அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் இதழில் பதினொரு பக்கக் கட்டுரையாகவும் எட்கர் காட் தம் மாற்று யோசனையை வெளியிட்டார். பெரிய தரவு வங்கிகளைப் பயன்படுத்துவோருக்கு, இயந்திரத்தினுள் தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்பதே அதன் தொடக்கப் புள்ளி. எல்லாத் தகவல்களையும் அட்டவணைகளாகவே காட்ட வேண்டும். ஓர் அட்டவணைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிகளால் அல்லாமல், அவற்றில் உள்ள மதிப்புகளாலேயே அறிய வேண்டும். கேட்பவர் தமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். எந்த வழியில் போய் எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு அவர் கணங்களின் கோட்பாட்டையும் தருக்கவியலையும் அடித்தளமாகக் கொண்டார். உறவுநிலை மாதிரி என்று தமிழ்ப் பாடநூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. அந்த உறவு, அட்டவணைகளுக்கு இடையிலான சொந்தபந்தம் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் கணிதத்தில் உறவு என்று சொல்லப்படுவது ஏறத்தாழ அட்டவணையையே குறிக்கும். ஆசிரியர்களும் சறுக்கும் இடம் இது.

கட்டுரை வெளிவந்ததும் உலகம் மாறிவிடவில்லை. அதை எழுதியவருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனமே அதை விரும்பவில்லை. ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது; அதற்குக் குழி தோண்டும் ஒரு கணிதக் கொள்கையை விற்பனைப் பிரிவு வரவேற்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. ஆனால் எட்கர் காட் ஓயவில்லை. ஐபிஎம் வாடிக்கையாளர்களிடமே தம் மாதிரியின் பயன்களை எடுத்துச் சொன்னார். அவர்கள் நிறுவனத்தை நெருக்கத் தொடங்கினர். தம் முதலாளியின் தயாரிப்புக்கு எதிராகத் தாமே வாதாடும் ஊழியரை எந்த நிறுவனம் நீண்ட நாள் பொறுத்துக்கொள்ளும்? ஐபிஎம் அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. 1976-இல் தன் மிக உயர்ந்த தொழில்நுட்பப் பதவியான ஃபெலோ பட்டத்தையும் அளித்தது. இதை அந்த நிறுவனத்தின் பெருமையாகவே பதிவு செய்ய வேண்டும்.

1974-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கருத்தரங்கில் அவரும் சார்லஸ் பாக்மனும் நேருக்கு நேர் வாதிட்டனர். பாக்மன் அதற்கு முந்தைய ஆண்டு, கணினித் துறையின் நோபல் எனப்படும் டூரிங் விருதைப் பெற்றவர். நிரலாளரைக் கடலோடியாக உருவகித்து அவர் ஆற்றிய விருது உரை புகழ்பெற்றது. தகவல் கடலில் திறமையாக வழிகண்டு செல்பவரே நிரலாளர் என்பது அவர் பார்வை. அந்தத் திறமைக்குத் தேவையே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்பது முன்னாள் விமானியின் பார்வை. கணித நேர்த்தி சரி, இவ்வளவு பெரிய வேலையை வேகமாகச் செய்யும் இயந்திரம் எங்கே என்பதே எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. அன்றைய நிலையில் அது நியாயமான கேள்வியும்கூட.

அதே கருத்தரங்கில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரு இளம் ஐபிஎம் ஆய்வாளர்கள் சீக்வல் என்ற புதிய வினவல் மொழியைப் பற்றிய கட்டுரையை அளித்தனர். பாய்ஸ் அதே ஆண்டில், முப்பது வயதை எட்டும் முன்பே, மூளை இரத்தக்குழாய் வெடித்து இறந்து போனார். சீக்வல் என்ற பெயர் ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகச் சின்னமாக இருந்ததால், மொழியின் பெயர் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. இன்று உலகெங்கும் தரவுத்தளங்களிடம் பேசப்படும் மொழி அதுதான்.

சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்ற பெயரில் உறவுநிலைத் தரவுத்தளத்தின் முன்மாதிரி உருவானது. ஆனால் அந்தப் பணியிலிருந்து எட்கர் காட் விலகியே இருந்தார். விலக்கி வைக்கப்பட்டார் என்று சொல்வோரும் உண்டு. அவர் வடிவமைத்திருந்த ஆல்ஃபா என்ற மொழி எடுத்துக்கொள்ளப்படவில்லை. எஸ்க்யூஎல் மீது அவருக்குக் கடைசி வரை குறை இருந்தது. ஒரே வரி அட்டவணையில் இருமுறை வருவதை அது அனுமதித்தது. கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை இடம்பெற முடியாது என்ற கணித ஒழுங்கை இது மீறுவதாக அவர் கருதினார். தம் குழந்தையை வேறொருவர் வளர்த்து ஆளாக்குவதைத் தள்ளி நின்று பார்க்கும் தந்தையின் நிலை அது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்கிரெஸ் என்ற முறைமையைக் கட்டினர். லாரி எலிசன் உள்ளிட்ட மூவர் தொடங்கிய சிறு நிறுவனம், ஐபிஎம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, ஐபிஎம் விழிப்பதற்கு முன்பே 1979-இல் ஆரக்கிள் என்ற தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐபிஎம் தன் டிபி2-ஐ அறிவித்தது 1983-இல்தான். 1981-இல் எட்கர் காட் டூரிங் விருதைப் பெற்றார். கீழே விழுந்து பலத்த காயமடைந்த அவர், 1984-இல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வு அவரை அமைதிப்படுத்தவில்லை. எண்பதுகளின் நடுவில் உறவுநிலை என்ற சொல் விளம்பரச் சொல்லாகிவிட்டது. பழைய முறைமைகளுக்கு மேலே ஒரு பூச்சைப் பூசி, அதே பெயரில் விற்றன பல நிறுவனங்கள். தம் பெயரோடு இணைந்த சொல்லைச் சந்தை தேய்த்து அழிப்பதைக் கண்டு, 1985 அக்டோபரில் கம்ப்யூட்டர்வேர்ல்ட் வார இதழில் இரு பகுதிகளாக அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு முறைமை உண்மையிலேயே உறவுநிலைத் தரவுத்தளமா என்று சோதிக்கும் பன்னிரண்டு விதிகள் அதில் இருந்தன. எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று. கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது கணினிக்காரர்களின் வழக்கம்.

நம் பேசுபொருள் அவற்றில் நான்காவது விதி. தரவுத்தளத்தின் அமைப்பு பற்றிய விவரங்களும் சாதாரணத் தகவலைப் போலவே அட்டவணைகளாக இருக்க வேண்டும். உரிமை பெற்ற பயனர், மற்றத் தகவலைக் கேட்கும் அதே மொழியில் அவற்றையும் கேட்க இயல வேண்டும் என்பது அதன் சாரம். அட்டவணைகளின் பெயர்கள் என்ன, ஒவ்வொன்றிலும் என்னென்ன நெடுவரிசைகள், எதை யார் பார்க்கலாம், எதை யார் திருத்தலாம் என்பவை எல்லாம் இதில் அடங்கும். இதற்கு அவர் இட்ட பெயர் கேட்டலாக். நூலகத்தின் நூற்பட்டியலுக்கு வழங்கும் அதே சொல்.

பட்டியல் வேண்டும் என்பதை எல்லா முறைமைகளும் ஒப்புக்கொண்டன. அது எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில்தான் அவர் பிடிவாதம் காட்டினார். இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மைஎஸ்க்யூஎல் என்ற பரவலான தரவுத்தளத்தில், இருக்கும் அட்டவணைகளைக் காட்டுமாறு கேட்பதற்கென்று நெடுங்காலம் தனிக் கட்டளைகளே இருந்தன. அவை பட்டியலைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். ஒரு கோடி வரிகளுக்கு மேல் உள்ள அட்டவணைகளை மட்டும் பிரித்து, அவற்றின் அளவைக் கூட்டி, தேதி என்ற சொல் பெயரில் வரும் நெடுவரிசைகள் அவற்றில் எத்தனை என்று எண்ணிச் சொல் என்றால் அந்தக் கட்டளைகளால் இயலாது. 2005-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், இன்ஃபர்மேஷன் ஸ்கீமா எனப்படும் விவர அட்டவணைகள் அதில் சேர்க்கப்பட்டன. அன்றிலிருந்து வடிகட்டலாம், கூட்டலாம், ஓர் அட்டவணையை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கலாம். காட்டப்படுவதைப் பார்ப்பதற்கும் வேண்டியதைக் கேட்பதற்கும் உள்ள இடைவெளியே நான்காம் விதியின் உயிர்.

இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்பது 1992-இல் எஸ்க்யூஎல் மொழியின் அனைத்துலகத் தரநிலையில் இடம்பெற்றது. எல்லா நிறுவனங்களும் அதை ஏற்கவில்லை. ஆரக்கிள் தனக்கே உரிய தரவு அகராதியை வைத்திருக்கிறது. டிபி2-இல் அட்டவணைகளின் பட்டியலும் நெடுவரிசைகளின் பட்டியலும் தொடக்கம் முதலே தனித்தனி அட்டவணைகளாக உள்ளன. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர், 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு படி மேலே போய், அமைப்பு விவரங்களோடு நிற்காமல், நினைவகத்தில் எதற்கு எவ்வளவு இடம் போகிறது, எந்த வினவல் நேரத்தை விழுங்குகிறது என்பன போன்ற நொடிக்கு நொடி மாறும் நிலவரத்தையும் அட்டவணை வடிவில் காட்டத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இப்போது யார் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை ஒரே வரி வினவலில் அறியலாம். பெயர்கள் வேறு வேறு. எல்லாவற்றிலும் கேட்கும் முறை ஒன்று.

இந்தப் பட்டியலை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை. எந்த அட்டவணையில் எத்தனை வரிகள், எதற்கு எந்தக் குறியீட்டகராதி உள்ளது என்ற புள்ளிவிவரங்களைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துத்தான், ஒரு கேள்விக்கு விடை தேட எந்த வழி செலவு குறைந்தது என்று இயந்திரமே முடிவு செய்கிறது. சிஸ்டம் ஆர் குழுவில் பட்ரீஷியா செலிங்கர் 1979-இல் விளக்கிய இந்த உத்தி, ஆன் ஆர்பரில் எழுந்த வேகம் பற்றிய கேள்விக்குக் கிடைத்த பதில்களில் முக்கியமானது. பட்டியலில் உள்ள கணக்கு பழையதாகிவிட்டால் இயந்திரம் தவறான வழியைத் தேர்ந்தெடுத்துத் தடுமாறும். நேற்று வரை இரண்டு நொடியில் வந்த அறிக்கை இன்று இருபது நிமிடம் எடுக்கிறது என்று புகார் வரும்போது, அனுபவம் மிக்க பராமரிப்பாளர் முதலில் பார்க்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

இந்த வெளிப்படைத்தன்மையில் ஆபத்தும் இருக்கிறது. இணையதளம் ஒன்றின் உள்ளீட்டுப் பெட்டி வழியே எஸ்க்யூஎல் கட்டளைகளைத் திருட்டுத்தனமாக நுழைக்கும் தாக்குதல்காரர், உள்ளே புகுந்ததும் பெரும்பாலும் முதலில் கேட்பது அதே விவர அட்டவணைகளைத்தான். எங்கே கடவுச்சொற்கள், எங்கே கணக்கு எண்கள் என்று வீட்டுக்காரரின் நூற்பட்டியலே அவருக்கும் வழிகாட்டுகிறது. விதியை எழுதியவர், உரிமை பெற்ற பயனர் என்ற நிபந்தனையை அதிலேயே சேர்த்திருந்தார். ஒருவருக்கு எந்த அட்டவணைகளைத் தொட உரிமை உண்டோ, அவற்றின் பெயர்கள் மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டும் என்பதே எஸ்க்யூஎல் தரநிலையின் ஏற்பாடும். ஆனால் நடைமுறையில், இணையதளம் பயன்படுத்தும் கணக்குக்கு எல்லா உரிமைகளையும் அள்ளிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் நிர்வாகங்கள் பல. அந்தப் பிழையை விதியின் கணக்கில் எழுதுவது முறையன்று.

தொண்ணூறுகள் அவருக்கு முழுமையாக இனிமையாக அமையவில்லை. 1990-இல், ஐபிஎம் நிறுவனத்தில் உடன் பணியாற்றிய கணிதவியலாளர் ஷேரன் வைன்பெர்க்கை மணந்தார். அதே ஆண்டில் வெளிவந்த நூலில் அவருடைய விதிகள் 333 ஆகப் பெருகியிருந்தன. பன்னிரண்டையே முழுமையாகக் கடைப்பிடிக்காத நிறுவனங்கள் முந்நூற்று முப்பத்து மூன்றைக் கண்டு என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1993-இல், வணிகத் தகவல்களைப் பல கோணங்களில் பகுத்தாயும் முறைக்கென்று வேறொரு பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். அந்த ஆய்வறிக்கைக்குப் பணம் அளித்தது ஆர்பர் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் என்பதும், விதிகள் அந்நிறுவனத்தின் தயாரிப்புக்குச் சட்டை தைத்ததுபோலப் பொருந்தின என்பதும் பின்னர் தெரியவந்தன. வெளியிட்ட கம்ப்யூட்டர்வேர்ல்ட் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. தம் முதலாளியின் லாபத்துக்கு எதிராகவே நிமிர்ந்து நின்றவரின் வாழ்க்கையில் இது ஒரு கறை. அதை மறைத்து எழுதுவதால் அவர் பெரியவராகிவிடப் போவதில்லை. சொல்வதால் சிறியவராகிவிடப் போவதுமில்லை.

இந்தத் துறையில் பெரும் செல்வம் ஈட்டியவர்கள் வேறு பலர். அவர் எழுதிய பதினொரு பக்கங்களின் மீது எழுந்த நிறுவனங்கள் உலகின் பெரும் நிறுவனங்களுள் இடம்பெற்றன. அவர் ஆலோசகராகவும் எழுத்தாளராகவும் காலத்தைக் கழித்து, 2003 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடாவின் வில்லியம்ஸ் தீவில் உள்ள தம் இல்லத்தில், இதயம் செயலிழந்து, 79-ஆவது வயதில் காலமானார். தரவுத்தள ஆய்வுக்கென்று அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் துறைப் பிரிவு வழங்கும் விருதுக்கு மறுஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், எல்லா அட்டவணைகளின் பெயர்களையும் தாங்கி நிற்கும் ஒரு பட்டியல் அட்டவணை உண்டு. நள்ளிரவில் தானே ஓடும் ஸ்கிரிப்டுகள் பலவும் தட்டுவது அந்தக் கதவைத்தான். அதில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனால், மற்ற அட்டவணைகளுக்கு நடுவே, எந்தத் தனிச் சிறப்பும் இல்லாமல், அந்தப் பட்டியலின் பெயரும் ஒரு வரியாக இருப்பதைக் காணலாம்.